மத்தியஸ்தரின் காலில் பட்ட பந்து

புதிதாகத் தெரிவான பன்னிரண்டு மத்தியஸ்தர்களான உங்களின் பெயர்ப் பட்டியலை அனுப்பி, மத்தியஸ்தர் சங்கத்தார் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். பட்டியலில் ஒன்பது பேரை நான் உதைபந்தாட்டக்காரர்களாகப் பார்த்திருக்கிறேன். மூன்று பேரின் கோலை மறுத்திருக்கிறேன். ஒருவரை மைதானத்தை விட்டே அனுப்பியிருக்கிறேன். கடைத்தெருவில் என்னைக் கண்டால் அவர் இன்றைக்கும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு சைக்கிளை மிதிப்பார். தம்பி, இப்போது நீங்களும் கழுத்தில் விசிலைத் தொங்கவிடப் போகிறீர்கள். இனி நாங்கள் இருவரும் கதைக்கலாம்.

சட்டங்கள் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றைப் படிக்க என் உதவி தேவையில்லை. பெருமையாகச் சொல்லவும் என்னிடம் சில கதைகள் உண்டு. அவற்றை என் மனைவி கேட்டுக் களைத்துவிட்டாள். உங்களுக்குப் பயன்படக்கூடியது நான் செய்த ஒரு பிழை. விளையாட்டை விட்டபின் விசிலுக்கு வருகிற ஒருவனால் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. உங்களில் ஒன்பது பேர் அப்படி வருகிறவர்கள் என்பதால் எழுதுகிறேன்.

நான் பாலையூற்றைச் சேர்ந்தவன். இங்கிலீஸ்காரன் துறைமுகத்தில் இருந்த காலத்திலேயே களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். துறைமுகத் தொழிலாளர் அணியில், முன்னால் நின்று கோல் அடிக்கிற சென்ரர் ஃபோவேர்ட். காலை முதல் பெட்டி தூக்குவேன். பின்னேரம் ஐந்து மணிக்கு ஊருக்குள் திரிந்து மைதானத்தில் வந்து மேய்கிற மான்களை விரட்டிவிட்டு இறங்கினால், அதன் பிறகுதான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். இடது காலால் நன்றாக அடிப்பேன். சந்தைக்குப் போனால் மீன்காரர் ஒரு மீன் கூடுதலாகப் போடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றால் ஆட்கள் என் மனைவியைத் தாண்டி வந்து என்னோடு கதைப்பார்கள். இருபதுகளில் இருக்கிற ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய போதை என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முப்பத்திரண்டு வயதில் வலது முழங்கால் போனது. யாருடைய பிழையும் இல்லை. மழை பெய்த தரையில் வழுக்கித் திரும்பினேன். உள்ளே சுள்ளி முறிந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதே வருடம்தான் இங்கிலீஸ்காரன் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறினான். எங்களில் பலருக்கு வேலையும் போனது. வேலை ஒன்றரை வருடத்தில் திரும்பக் கிடைத்தது. முழங்கால் கிடைக்கவில்லை.

அதன் பிறகு வந்த மூன்று வருடங்களைப் பற்றி நான் அதிகம் கதைப்பதில்லை. பின்னேரம் ஐந்து மணியானால் எனக்கு மூச்சு முட்டும். மைதானத்துப் பக்கம் போகமாட்டேன். போகாமல் வீட்டில் இருக்கவும் ஏலாது. பிள்ளைகள் முற்றத்தில் பந்து உருட்டினால் ஏசுவேன். ஒரு நாள் மனைவி குசினியிலிருந்து வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"பந்தில்லாட்டி உங்களுக்கு வேற கதையே இல்லையே? நாங்கள் மூண்டு பேர் இந்த வீட்டில இருக்கிறம். ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரமே மத்தியஸ்தர் சங்கத்தில் போய்ப் பெயர் கொடுத்தேன். நேர்மையாக எழுதுவதென்றால் நேர்மையாகவே எழுதுகிறேன்: சேவை செய்யப் போகவில்லை. கோடுகளுக்குள்ளே கால் வைக்க வேறு வழி இருக்கவில்லை, அதனால் போனேன்.

சங்கத்தில் ஒரு மூத்த மத்தியஸ்தர் இருந்தார். அதிகம் பேசாதவர். முதல் நாள் என்னைக் கோல் கம்பத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அதில் கையால் தட்டிக் காட்டினார். "சட்டத்தில நீயும் இதுவும் ஒண்டுதான். பந்து உன்னில பட்டால் ஆட்டம் நிக்காது. பட்டுக் கோலுக்குள்ள போனால் கோல்தான். ஆனால் இந்தக் கம்பம் ஒரு நாளும் உதைக்காது. விளங்குதா?" என்றார். விளங்குகிறது என்றேன். இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அறுபதுகளின் நடுவில், நகரத்துக் கிண்ணத்துக்கான இறுதியாட்டம். ஒரு பக்கம் என் பழைய துறைமுக அணி. மறுபக்கம் துறைக்கு அக்கரையிலிருந்து வந்த கிண்ணியா அணி. அவர்கள் இறுதியாட்டத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. துறையைக் கடக்கிற படகு அன்று காலை முதல் ஆட்களை ஏற்றி இறக்கியபடியே இருந்ததாம். கிண்ணியாவின் கோல் கீப்பர் என்னைவிட இரண்டு வயது இளையவர், தோணி கட்டுகிற தொழில். அவர் பெயரை எழுதவில்லை; அவருடைய பிள்ளைகள் உங்கள் விசிலுக்குக் கீழே ஓடப்போகிறவர்கள். அந்த ஆட்டத்தோடு அவர் நிறுத்தப்போகிறார், பிறகு அணியைப் பழக்கும் பொறுப்பை அவரிடம் கொடுக்கப்போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் அன்று கோட்டோரம் கொடி பிடிக்க வந்தவன். மட்டக்களப்பிலிருந்து வரவேண்டிய மத்தியஸ்தரின் பஸ் வழியில் பழுதாகிவிட்டது. விசிலை என்னிடம் தரச் சொன்னார்கள். கிண்ணியா ஆட்கள் மறுத்தார்கள். அது நியாயம்தான், துறைமுகத்துச் சம்பளம் வாங்குகிறவன் துறைமுக அணியின் ஆட்டத்துக்கு ஊதுவதா? அப்போது கோல் கீப்பர் தன் ஆட்களுக்கு நடுவில் வந்து நின்றார்.

"எனக்கு இவரைத் தெரியும். பத்து வருசம் எனக்கு எதிரா விளையாடின ஆள். ஒரு நாளும் பொய்க்கு விழுந்து பெனால்டி கேட்டதில்ல. அவரே ஊதட்டும்."

அவர்கள் ஒத்துக்கொண்டார்கள். நான் விசிலை வாங்கினேன்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும். இரண்டு பக்கமும் கோல் இல்லை. கிண்ணியாவின் பெனால்டிப் பெட்டிக்குள் ஒரே நெரிசல். யாரோ ஒருவர் அடித்து வெளியே தள்ளிய பந்து ஒரு முறை நிலத்தில் குத்தி, நான் நின்ற இடத்துக்கு, என் இடது காலுக்கு, சரியான உயரத்தில் வந்தது. கீப்பர் மற்றப் பக்கம் சாய்ந்திருந்தார். மூலை திறந்து கிடந்தது. எத்தனை இரவு நான் கண்ட கனவு அது! என் கால் நகர்ந்தது. ஓங்கி அடிக்கவில்லை, பாதத்தின் உட்புறத்தால் மெல்லத் திருப்பிவிட்டேன், அவ்வளவுதான். பந்து மூலைக்குள் போனது.

அந்த ஒரு கணத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். அதை மறைத்தால் இந்தக் கட்டுரையை எழுதிப் பயனில்லை. ஏழு வருடமாக வராத சந்தோஷம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

பிறகுதான் விசில் வாயில் இருப்பது நினைவுக்கு வந்தது. மைதானம் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. நெரிசலுக்குள் நடந்தது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. பந்து மத்தியஸ்தரின் காலில் பட்டுத் திரும்பியது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பட்டிருந்தால் கோல். சட்டம் அப்படித்தான். என் கை மைதானத்தின் நடுவைக் காட்டியது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். கோலைக் காட்டிய பிறகும், மைய உதைக்கு விசில் ஊதும் வரை மத்தியஸ்தர் தன் தீர்ப்பை மாற்றலாம். எனக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் இருந்தது. காலின் பிழையை நான் இன்று பெரிதாக எடுப்பதில்லை; கால் பழகியதைச் செய்தது. அந்த ஒரு நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பதுதான் என் கணக்கு.

கிண்ணியா ஆட்டக்காரர்கள் என்னைச் சூழ்ந்து கத்தினார்கள். கோல் கீப்பர் எழும்பி, மண்ணைத் தட்டிக்கொண்டு நடந்து வந்தார். கத்தவில்லை. எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"அண்ணன், பட்டதா, உதைச்சீங்களா?"

உதைத்தேன் என்று சொன்னால் ஒரு பந்தைத் தூக்கிப் போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கலாம். ஆட்கள் சிரிப்பார்கள். என் பழைய அணி என்னை ஏசும். இனி விசில் கிடைக்காமலும் போகலாம்; அப்படிப் போனால் அந்தக் கோடுகளுக்குள்ளே எனக்கு இடமில்லை. இவ்வளவும் மனதில் ஓடின.

"பட்டது" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரி" என்றார். திரும்பித் தன் ஆட்களைக் கூப்பிட்டார்: "விடுங்கடா, சட்டம் அப்படித்தான். வாங்க." நான் மைய உதைக்கு ஊதினேன். வேறு கோல் விழவில்லை.

துறைமுகக் கன்ரீனில் அன்று பெரிய கொண்டாட்டம். துறைமுக அணியின் தலைவர் என் பழைய கூட்டாளி. என் தோளில் கைபோட்டு, "இண்டைக்கும் கோல் அடிச்சது நீதானேயடா!" என்று கத்தினான். பகிடிக்குத்தான் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கையில் தந்த தேத்தண்ணியை என்னால் குடிக்க முடியவில்லை.

சில வாரங்களில் கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவருகிறவர்கள் மூலம் கதை வரத் தொடங்கியது. தோற்றதற்கு ஆள் வேண்டும் அல்லவா? மத்தியஸ்தரின் காலில் பட்டு வந்த பந்தையும் பிடிக்கத் தெரியாத கீப்பர் என்றார்கள். அந்த மத்தியஸ்தரை ஊத விட்டதும் அவர்தானே என்றார்கள். கதையில் அந்தப் பந்து வாரத்துக்கு வாரம் மெதுவாகிக்கொண்டே போய், கடைசியில் உருண்டு வந்த பந்தாகிவிட்டது. பழக்கும் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அவர் மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது மழையும் ஈரத் தரையும். அவரைக் கொண்டுவந்தது நான்.

கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர் நல்லவர்; ஆனால் உதைபந்து அவருக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மூன்று செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மனம் இறங்கவில்லை. ஆட்டங்களில் கடுமையான மத்தியஸ்தர் ஆனேன். சின்னப் பிழைக்கும் ஊதுவேன். "எவ்வளவு நேர்மையான மனிசன்" என்று ஆட்கள் சொல்வார்கள். கேட்கக் கேட்க உடம்பு கூசும். எட்டு மாதம் அப்படியே போனது.

ஒரு காலை வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கிண்ணியாவுக்குப் படகேறினேன். கடற்கரையில் அரைகுறையாக நின்ற ஒரு தோணிக்குப் பக்கத்தில் அவர் குந்தியிருந்து பலகை இடுக்குகளில் பஞ்சை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, மரக்குற்றி ஒன்றை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அண்டைக்குப் பட்டதில்லை. நான் உதைச்சனான்" என்றேன்.

அவர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும். கால் திரும்பினதைக் கண்டன்."

"கண்டனீங்களெண்டால் ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கிட்டக் கேட்டனே. நீங்க பட்டதெண்டு சொன்னீங்க. எங்கட ஆக்களுக்கு முன்னால உங்களை நல்லவரெண்டு சொன்னவன் நான். அதே நாள்ல பொய்யரெண்டு சொல்லச் சொல்றீங்களா?"

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர் சுத்தியலைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"அண்ணன், தெரிஞ்சவனுக்கிட்ட வந்து சொல்லி என்ன வேலை? தெரியாத ஆக்களுக்கிட்டச் சொல்லுங்க."

திரும்பக் குந்தி வேலையைத் தொடங்கினார்.

அன்று பின்னேரமே கிண்ணியா மைதானத்தில், ஆட்டம் தொடங்குமுன், நடுவில் போய் நின்று சொன்னேன். என்னுடைய ஆயுளில் அவ்வளவு கனமான நடை நான் நடந்ததில்லை. முழங்கால் போன அன்றுகூட மைதானத்தை விட்டு இதைவிட இலேசாகத்தான் வெளியே போயிருக்கிறேன். ஒரு இளைஞன் என் சேட்டுக் கொலரைப் பிடித்தான். பெரியவர்கள் விலக்கிவிட்டார்கள். யாரும் என்னைப் பாராட்டவில்லை, யாரும் தேத்தண்ணி தரவில்லை. கடைசிப் படகில் திரும்பி வந்தேன்.

அடுத்த நாள் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தேன். மூத்த மத்தியஸ்தர் அதை இரண்டு முறை வாசித்தார்.

"இதைத் தராமல் விட்டிருந்தால் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"ஓம்."

"முடிவை இனி மாத்த ஏலாது. உனக்கு ரெண்டு வருசம் விசில் இல்லை." கதவு வரைக்கும் போய்விட்டேன். பின்னாலிருந்து சொன்னார்: "சுண்ணாம்பு வாளி பின்னறையில இருக்கு. கோடு போடுறவர் போன மாதம் வேலையை விட்டிட்டார்."

துறைமுகத்தில் என்னோடு ஆட்கள் கதைப்பதை விட்டார்கள். என் கூட்டாளி மட்டும் ஒரு நாள் நேரே வந்து, "உனக்கென்ன விசரே? நாங்கள் வெண்ட கப்பை நீயே களவு எண்டு ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியிறாய்" என்றான். அவன் கோபம் நியாயமானது. அவன் அன்று நேர்மையாகத்தான் ஓடினான். அந்தக் கிண்ணம் கன்ரீனின் கண்ணாடி அலுமாரியில் முன் தட்டிலிருந்து பின் தட்டுக்குப் போனது. எங்கள் நட்பு பழையபடி வர நாலைந்து வருடம் எடுத்தது.

இரண்டு வருடம் சுண்ணாம்புக் கோடு போட்டேன். மூன்று மணிக்குப் போவேன். கயிறு கட்டி, குனிந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் நகர்வேன். முதல் சில மாதம் அவமானம் பிடுங்கித் தின்றது. பிறகு எப்போது என்று தெரியவில்லை, ஒரு பின்னேரம் கடைசிக் கோட்டை முடித்து வாளியோடு வெளியே வந்து நின்றேன். ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். ஆட்டம் தொடங்கியது. ஐந்து மணி கடந்துவிட்டது என்பதை நான் கவனிக்கவேயில்லை. மூச்சு முட்டவில்லை. என் கால் எதையும் கேட்கவில்லை. நான் போட்ட கோட்டுக்குள் யார் யாரோ ஓடினார்கள், அதைப் பார்ப்பது நன்றாக இருந்தது. கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு அப்படி ஒரு நிம்மதி வரும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அன்று வீட்டுக்குப் போய், கைச் சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு, மகனுக்கு முற்றத்தில் பந்து உருட்டிப் போட்டேன். மனைவி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தடை முடிந்து சங்கம் எனக்குக் கொடுத்த முதல் ஆட்டம் கிண்ணியாவின் ஆட்டமாகவே அமைந்தது. மூத்த மத்தியஸ்தர் வேண்டுமென்றே போட்டாரா என்று நான் கேட்டதில்லை. இதற்குள் கிண்ணியாவில் பழக்கும் பொறுப்பு அந்தக் கோல் கீப்பரிடம் வந்திருந்தது. என் பேச்சால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் வந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் கிண்ணியா ஒரு கோலால் பின்னுக்கு நின்றது. அவர்களின் ஆள் அடித்த பந்து, பெனால்டிப் பெட்டிக்குள் எதிரணிப் பின்னாட்டக்காரனின் கையில் பட்டு வெளியே போனது. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவனுக்குக் கையை எடுக்க நேரமே இருக்கவில்லை; தற்செயலாகப் பட்டால் பெனால்டி இல்லை. மூலை உதையைக் காட்டினேன். கிண்ணியா அணி முழுவதும் என்னைச் சுற்றி வளைத்தது. கூட்டத்திலிருந்து "கள்ளன்! பழைய கள்ளன்!" என்று குரல் வந்தது. பெனால்டி கொடுத்தால் அந்தக் குரல் அடங்கும். பழைய கடனும் தீர்ந்துவிடும் போலிருந்தது. அந்த எண்ணம் வந்தது, அதையும் எழுதிவைக்கிறேன். அணித் தலைவன் என் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றான்.

"சேர், கையில பட்டதா, வேணுமெண்டு பிடிச்சானா?"

"பட்டது" என்றேன்.

அதே சொல். வாயிலிருந்து வெளியே வந்தபோதுதான் எனக்கே அது உறைத்தது. தலைவன் நம்பவில்லை. தலையைத் திருப்பி, கோட்டோரம் நின்ற தங்கள் பழைய கோல் கீப்பரைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். இறுதியாட்டத்தில் என் முகத்தைப் பார்த்த அதே பார்வை. பிறகு கையை வாயருகே குவித்து, மைதானம் முழுவதும் கேட்கக் கத்தினார்.

"விடுங்கடா! அவர் சொன்னாச் சரி!"

அவர்கள் விலகினார்கள். பந்து மூலையில் வைக்கப்பட்டது. நான் விசிலை ஊதினேன்.